இரண்டு விரல் இடம்

கைபேசியை மூக்கருகே கொண்டுவந்து, பிறகு கை நீளத்துக்குத் தள்ளி, மறுபடியும் அருகே கொண்டுவந்து பார்த்தாள் சூப்பர்வைசர். படத்தில் இருந்தது ஒரு பெண்ணின் பின்கழுத்து. அதில் சூப்பர்வைசரே கோத்த நீலமணி மாலை. மாலையின் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொடவில்லை. நடுவில் இரண்டு அங்குலத்துக்கு வெள்ளை நாடா ஒன்று பாலம் போட்டிருந்தது. திரைச்சீலையின் மேல்விளிம்பில் வைத்துத் தைப்பார்களே, அந்த நாடா.

"பின்னாடி ஒண்ணும் தெரியாது அத்தை. முடி மறைச்சிடும். முன்னாடி பாரேன், எவ்வளவு அழகா இருக்குன்னு" என்றாள் கல்யாணப்பெண். வாய்தவறிச் சொல்லிவிட்டு, கேட்டதற்காகப் படத்தையும் காட்டிவிட்டு, இப்போது அதைப் பிடுங்கிக்கொள்ளவும் முடியாமல் நின்றாள்.

"யார் தைச்சது இது?"

"அம்மாதான். கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சாம். உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு சொன்னாங்க."

சூப்பர்வைசர் என்பது அவள் பார்த்த உத்தியோகம். தொலைபேசி நிலையத்தில் முப்பத்தொரு வருடம். ஓய்வு பெற்றுப் பதினொரு வருடம் ஆகியும் குடும்பத்தில் அவளுக்கு அதுதான் பெயர். முகத்துக்கு நேரே அக்கா, அத்தை. முதுகுக்குப் பின்னால் சூப்பர்வைசர். அது அவளுக்குத் தெரியும். வருத்தமும் இல்லை. அந்த முதுகு யாருக்கும் வளைந்ததில்லை என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி என்று வைத்துக்கொண்டாள். கல்யாணம் செய்துகொள்ளாமல் இரண்டு தங்கைகளையும் ஒரு தம்பியையும் கரையேற்றியவள். தங்கம் வாங்கித் தர வக்கில்லாத காலத்தில் கண்ணாடி மணியைக் கோத்து நகையாக்கிக் கொடுக்க ஆரம்பித்தாள். பிறகு வக்கு வந்தது, மணி நிற்கவில்லை. வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவரிடமும் அவள் கோத்தது நான்கு உருப்படியாவது இருக்கும். ஒன்றாவது அறுந்தது, கொக்கி கழன்றது என்று திரும்பி வந்ததில்லை.

அளவு எடுக்க அவள் டேப்பைத் தொடமாட்டாள். ஒரு நூலைக் கழுத்தைச் சுற்றிப் போட்டு, இரண்டு விரலை உள்ளே நுழைத்து, அந்த இடத்தில் முடிச்சுப் போட்டு வெட்டிக்கொள்வாள். பிறந்த பெண்ணுக்கு ஒரு முடிச்சு, வாழவந்த பெண்ணுக்கு இரண்டு. அந்த நூல்களெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. யாருடைய நூல் எது என்று எழுதி வைக்கவில்லை. எழுதித்தான் தெரிய வேண்டுமா என்ன, எடுத்துப் பிடித்தாலே ஆள் தெரியும்.

டப்பாவில் ஒரு நூல் மட்டும் இல்லை. தம்பி மனைவியின் நூல்.

தம்பி ஒரு தொழிற்சாலையில் சரக்கறைப் பொறுப்பாளனாக இருந்தான். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அங்கே செம்புக்கம்பிச் சுருள்கள் காணாமல் போயின. விசாரணைக்கு வந்தவர்கள் வீட்டில் கேட்டபோது அவன் இல்லவே இல்லை என்றான். அவன் மனைவி, "மாடியில தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி இருக்கு" என்றாள். தெருவே வேடிக்கை பார்க்க மூன்று சுருள்களும் படியிறங்கின. வேலை போயிற்று. குடும்பத்தின் முகத்தில் கரி பூசிவிட்டாள் என்றார்கள். முதலில் சொன்னவள் சூப்பர்வைசர்தான். கடைசியாகச் சொன்னவளும் அவள்தான்: "இந்த வாசல்ல இனிமே உன் நிழல் விழக்கூடாது." தம்பி மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு போனாள்; தம்பி அக்காவோடேயே இருந்துவிட்டான். மகள் மட்டும் ஞாயிறுதோறும் அத்தை வீட்டுக்கு வந்துபோனாள். அவர்கள் போன அன்று சூப்பர்வைசர் டப்பாவைத் திறந்து தம்பி மனைவியின் நூலை எடுத்தாள்; அதாலேயே குப்பைப் பையின் வாயைக் கட்டி வெளியே வைத்தாள். அதற்குப் பிறகு செம்பு நிற மணியை மட்டும் அவள் வாங்கியதில்லை.

இப்போது மகளுக்குக் கல்யாணம். வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரி மாலை போட்டுக்கொண்டு அவளோடு நின்று படம் எடுத்துக்கொள்வது என்று ஏற்பாடு. எட்டு மாலை என்று கணக்குப் போட்டவளிடம், "எங்கம்மாவுக்கு இல்லைன்னா எனக்கும் வேண்டாம் அத்தை" என்று அந்தப் பெண் சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். சத்தம் போட்டிருந்தால் பதிலுக்குப் போட்டிருக்கலாம். சூப்பர்வைசர் ஒருநாள் முழுவதும் யோசித்து, ஒரு நியாயத்தைக் கண்டுபிடித்தாள். ஒன்பது பேர் வரிசையில் ஒரு கழுத்து மட்டும் வெறுமையாக இருந்தால் பார்க்கிறவர்கள் நம்மைத்தான் பேசுவார்கள். ஆகவே ஒன்பது. மகள் கழுத்துதானே தாய்க்கும் என்று மகளுடைய நூலை வைத்தே கோத்து, மகள் கையிலேயே கொடுத்தனுப்பினாள். வாழ்க்கையில் முதல்முறையாக, பார்க்காத கழுத்துக்குக் கோத்த மாலை.

படத்தை இன்னொரு முறை பெரிதாக்கிப் பார்த்தாள். தம்பி மனைவி நாடாவைக் கோணாமல் தைத்திருந்தாள். தையல் வெளியே தெரியாத தையல். முனையில் சின்னதாகக் கொக்கிகூட வைத்திருந்தாள். மட்டமான வேலையாக இருந்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருக்கலாம். வேலை சுத்தமாக இருந்தது. அதுதான் குடைந்தது.

"என் மாலைக்கு ஒட்டுப் போட்டுக்கிட்டு நிக்கப்போறாளா அவ?"

"ஆறு நாள்தான் இருக்கு அத்தை. விடேன்."

"அவ வேலை பார்க்கிற கடை எங்க இருக்கு?"

மறுநாள் காலை கஞ்சி போட்ட சேலையைக் கட்டிக்கொண்டு பேருந்து ஏறினாள். சமாதானம் பேசப் போகவில்லை என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அளவெடுக்கப் போகிறாள். அளவெடுத்துவிட்டு வருவாள். தான் செய்த பிழையைத் தான்தான் திருத்த வேண்டும், அவ்வளவுதான். இதைத் தனக்குள் மூன்று நிறுத்தங்கள் வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தவள், நான்காவதில் இறங்கும்போது கைப்பிடிக் கம்பியை ஒருகணம் விடாமல் பிடித்திருந்தாள். பின்னால் நின்றவர், "இறங்குறீங்களா இல்லையாம்மா?" என்றார்.

திரைச்சீலை தைக்கும் கடை. சுவரெங்கும் துணி தொங்கியது. நான்கு தையல் இயந்திரங்களும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. முதலாளி கழுத்தில் டேப்போடு ஓடிவந்தார்.

"வாங்கம்மா, எந்த ஜன்னலுக்கு?"

"ஜன்னலுக்கு இல்ல. கழுத்துக்கு."

அவர் சிரிப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கையில், மூன்றாவது இயந்திரம் நின்றது. அங்கே உட்கார்ந்திருந்தவள் எழுந்தாள். வாயில் நான்கு குண்டூசிகள். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுப்பொதியில் குத்திவிட்டுத்தான் வாய் திறக்க முடிந்தது. அந்த நேரம் இருவருக்குமே தேவைப்பட்டது.

"வாங்க அண்ணி" என்றாள்.

பன்னிரண்டு வருடத்தில் உடம்பு பூசியிருந்தது. முன்பக்கம் நரை. கழுத்து... சூப்பர்வைசர் முதலில் பார்த்தது கழுத்தைத்தான். குறைந்தது பதினாறு அங்குலம். மகளுடையது பதினாலு. எந்தத் தைரியத்தில் கோத்தேன் என்று காது சுட்டது.

"தெரிஞ்சவங்களா?" என்றார் முதலாளி.

தம்பி மனைவி வாயைத் திறந்து, எந்த உறவைச் சொல்வது என்று தெரியாமல் நின்றாள். முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மற்ற இயந்திரங்களும் மெல்ல நிற்கத் தொடங்கின.

"நான் இவளுக்கு நாத்தனார். பெரியவ" என்றாள் சூப்பர்வைசர், பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கேட்கிற குரலில். "திரும்பி நில்லு."

"டேப் இருக்கு அண்ணி..."

"உன் டேப் ஜன்னலுக்கு. முடியைத் தூக்கிப் பிடி."

அவள் முடியைத் தூக்கிப் பிடித்தாள். சூப்பர்வைசர் பையிலிருந்து நூலை எடுத்துக் கழுத்தைச் சுற்றிப் போட்டாள். இரண்டு விரலை உள்ளே நுழைத்தாள். விரலுக்குக் கீழே நாடி துடித்தது. தன் விரலின் துடிப்போ என்று ஒருகணம் குழம்பி, பிறகு நூலைச் சரிசெய்தாள்.

"அன்னைக்கு நான் சொன்னது பொய் இல்ல அண்ணி" என்றாள் அவள், சுவரைப் பார்த்தபடி, தாழ்ந்த குரலில்.

"பொய்யின்னு நான் எப்போ சொன்னேன்?"

நூலுக்குள் கழுத்து திரும்ப முயன்றது.

"ஆடாத. அளவு தப்பும்."

அவள் ஆடாமல் நின்றாள். பிறகு, "நான் போட்டோ எடுக்கிற நேரத்துக்கு மட்டும் வந்துட்டுப் போயிடறேன். உங்களுக்குச் சங்கடம் வேண்டாம்" என்றாள்.

"போட்டோவுக்கு மட்டும் போட்டுக்கிற நகை நான் கோக்கறதில்ல. அந்த மாலையைக் கொடு. மூச்சை இழுத்துப் பிடிக்காத, சாதாரணமா விடு. எல்லாத்தையும் இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நின்னா அளவு எப்படி வரும்?"

கழுத்து மெல்லத் தளர்ந்தது. சூப்பர்வைசர் முடிச்சுப் போட்டாள். விரல்கள் பழக்கத்தில் இன்னொரு முடிச்சும் போட்டன. அவள் கத்தரிக்கோலுக்குக் கை நீட்ட, தம்பி மனைவி திரும்பிப் பார்க்காமலே மேசையிலிருந்து தன்னுடையதை எடுத்துப் பின்னால் நீட்டினாள்.

நீலமணி தீர்ந்துபோயிருந்தது. ஒரே கலவையில் வார்த்த மணி தீர்ந்தால் அதே நீலம் மறுபடி கிடைக்காது. இது மணி கோக்கிறவர்களுக்குத் தெரியும். திரும்பும் வழியில் மணிக்கடைக்காரர் பதினொரு நீலங்களை அட்டையில் ஒட்டிக் காட்டினார். ஒன்று ஊதாவில் விழுந்தது, ஒன்று சாம்பலில் விழுந்தது.

"எந்த நீலத்தோடயும் சேர்ற மாதிரின்னா இதுதாம்மா. ஆனா நீங்கதான் இதை எடுக்கவே மாட்டீங்களே" என்று அவர் ஒரு பொட்டலத்தைக் காட்டினார். செம்பு நிறம்.

சூப்பர்வைசர் ஒரு மணியை எடுத்து, தம்பி மனைவி கொடுத்தனுப்பிய நீல மாலையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். இரண்டு அங்குலத்துக்கு ஒரு பொட்டலம் போதும்.

"ஒன்பது பொட்டலம் கொடுங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது மாலை வெயில் ஜன்னல் வழியே மேசைவரை நீண்டிருந்தது. தம்பி சட்டைப் பித்தான் போடாமல் செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தான். அக்கா எங்கே போய் வந்தாள் என்று அவன் கேட்கவில்லை. அந்த வீட்டில் அப்படிக் கேட்கிற வழக்கமும் இல்லை. அவள் பெரிய தட்டை எடுத்து, அதில் வெள்ளைத் துணியை விரித்தாள். கோத்து முடித்த எட்டு மாலைகளையும், நாடா வைத்த ஒன்பதாவதையும் கொண்டுவந்து வரிசையாக வைத்தாள். ஒன்றில் மட்டும் செம்பு வைத்தால் அது ஒட்டு. ஒன்பதிலும் வைத்தால் அது வேலைப்பாடு.

முதல் மாலையை எடுத்து வெட்டினாள். அரை நாள் உழைப்பு, மழை பெய்த மாதிரி தட்டில் கொட்டியது.

"என்னக்கா பண்ற? அஞ்சு நாள்தானே இருக்கு!" தம்பி பதறி எழுந்து வந்தான்.

"இருக்கட்டும்."

இரண்டாவதை வெட்டினாள். மூன்றாவதை வெட்டினாள். நாடாவை மட்டும் தையல் பிரித்து, மடித்துத் தனியே வைத்தாள். தம்பி மேசைக்கு அந்தப் பக்கம் நின்றான். அவன் கண் பிரித்து வைத்த பொட்டலத்தில் விழுந்து, அந்த நிறத்தில் ஒருகணம் நின்று, அங்கிருந்து அக்காவின் மணிக்கட்டுக்குப் போயிற்று. பேருந்தில் தொலைந்துவிடக் கூடாதென்று அவள் அளவெடுத்த நூலை மணிக்கட்டில் இரண்டரைச் சுற்றுச் சுற்றிச் செருகியிருந்தாள். சுற்றின் முனையில் இரண்டு முடிச்சுகள் இருந்தன. அந்த டப்பாவின் கணக்கு அவனுக்கும் தெரியும்.

அவன் ஏதோ சொல்ல வந்தான்.

"பேச்சு வேண்டாம். வெயில் போறதுக்குள்ள ஊசியில நூலைக் கோத்துக் கொடு. எனக்குக் கண்ணு பிடிபடல."

அவன் நாற்காலியை இழுத்து ஜன்னலோரம் போட்டுக்கொண்டான். நூலின் முனையை நாக்கில் நனைத்தான். மயிரிழை ஊசியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தான். முதல்முறை தப்பியது. இரண்டாவது முறையும் தப்பியது. சூப்பர்வைசர் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான்காவது மாலையைக் கையில் எடுத்தாள்.