பின்னறைச் சுவரில் ஈரம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை நான் ஒட்டுக்கேட்டது. பக்கத்து வீடு விலைக்கு வந்திருந்தது. ஒரு நாள் காலை யாரோ அங்கே சுவர்களை டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று ஒரு பெண் குரல் வெடித்தது: "உன் மனசுல கொஞ்சமாவது ஈரம் இருக்காடா?" உள்ளறையிலிருந்து ஓர் ஆண் குரல் பதில் சொன்னது: "இருக்குங்க! இங்க நிறையவே இருக்கு!"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அதற்கப்புறம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அந்த அமைதி என்னை என்னவோ செய்தது. அவர்கள் முகம்கூட எனக்குத் தெரியாது. இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

'அந்த வீட்டைப் பார்த்ததுமே தம்பிக்குப் பிடித்துப்போய்—'

சே, இல்லை. அது அக்கா வீடு. வருஷக்கணக்கில் வந்துபோன வீட்டைப் புதிதாக என்ன பார்ப்பது?

'வேலை மாற்றலாகிப் போகும் அக்காவின் வீட்டைத் தம்பியே வாங்குவதாகப் பேச்சு. கையெழுத்துப் போடுமுன், வீட்டைச் சோதித்துச் சொல்ல ஓர் இன்ஜினியரைக் கூட்டி வந்தான்.'

இது பரவாயில்லை. (தம்பியைக் கல்நெஞ்சக்காரன் என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். அவன் மகளுக்கு இளைப்பு. ஈரச் சுவர் பக்கத்தில் படுத்தால் போதும், குழந்தை மூச்சுக்குத் திணறிவிடும். ஒருமுறை அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதே இந்த அக்காதான்.)

3

"என் வீட்டைத் தட்டிப் பாக்க வெளியாளா? நான் சொன்னா நம்ப மாட்டியா?"

"உன்னை நம்பாம இல்லக்கா. பாப்பாவுக்காகத்தான்..."

"அவளைத் தோள்ல போட்டு வளர்த்தவ நான்! உன் மனசுல கொஞ்சமாவது ஈரம் இருக்காடா?"

இன்ஜினியர் பாவம், காதில் விழுந்த கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்னார். பின்னறை அலமாரியை நகர்த்திவிட்டு, ஈரம் காட்டும் கருவியைச் சுவரில் வைத்திருந்தார். இருவரும் ஓடிவந்து பார்த்தார்கள். அலமாரி மறைத்திருந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் புத்தம் புதுசு.

"வெளிப்பக்கம் குழாய் கசியுதுங்க. சரி பண்ணிடலாம். மேல மேல பெயிண்ட் மட்டும் அடிக்காதீங்க."



4

முதல் பிரதியில் அக்காவை ஏமாற்றுக்காரி ஆக்கியிருந்தேன். எழுதி முடித்துத் திரும்பப் படித்தேன். அதே பிரதியில், வீட்டுப் பேச்சு ஆரம்பித்த நாளிலிருந்து அவள் ஒரே பல்லவியாகப் பாடிக்கொண்டிருந்ததையும் நான்தான் எழுதியிருந்தேன். சுத்தமாக மறந்துபோனேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

"பாப்பாவுக்கு முன்னறையைக் குடு. பின்னறை வேண்டாம், சொல்லிட்டேன்."

தெரிந்தே மறைத்திருக்கிறாள். (வீடு கைமாறாமல் அவளால் ஊர் மாற முடியாது. போகாவிட்டால் வேலை போய்விடும்.) மறைத்துக்கொண்டே, குழந்தையை அந்தச் சுவர்ப்பக்கம் அண்டவிடாமலும் பார்த்திருக்கிறாள். பாவி மகள், எப்படித் தவித்தாளோ!

தம்பிக்கும் அந்தப் பல்லவி இப்போதுதான் உறைக்கிறது.

5

ஒரு முடிவு: தம்பி கோபித்துக்கொண்டு கிளம்புகிறான். அந்த வரியை அடித்துவிட்டேன். அவன் அப்படிப்பட்டவன் இல்லை.

இன்னொன்று: அக்கா அழுகிறாள், தம்பி சமாதானம் சொல்கிறான், குழாய் வேலைக்காரர் வருகிறார், எல்லாம் சுபம். இதுவும் நான் அடிக்கிற புதுப் பெயிண்ட்தான்.

மிச்சம் இவ்வளவுதான்: இன்ஜினியர் வெளியே குழாயைப் பார்க்கப் போய்விட்டார். பின்னறையில் அக்காவும் தம்பியும் மட்டும். அவன் வாயைத் திறந்துவிட்டான்.

"அக்கா, நீ—"

இதை முடிக்க எனக்கு மனசு வரவில்லை. நீங்கள் முடியுங்கள். எப்படி வேண்டுமானாலும் முடியுங்கள். பாப்பாவை மட்டும் முன்னறையில் படுக்க வையுங்கள்.