இரண்டாவது சிலிண்டரின் சத்தம்

ஸ்க்ரூ டிரைவரின் முனை இன்ஜின் உடம்பில், மரப்பிடி மெக்கானிக் கஸ்பாரின் காதில், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அவன் கேட்கிறான், வள்ளத்து இன்ஜின் முருங்கை மரத்தடியில் நாலு கட்டைமேல் உட்கார்ந்து, டிரம்மிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டு, கடலே இல்லாமல் ஓடுகிறது, அதன் வயிற்றுக்குள் டொக், டொக், அடுப்படியில் ரெஜினாளுக்கு உலையில் அரிசி போடக் கை பரபரக்கிறது, அட பைத்தியக்காரி, இன்ஜின் உன் வீட்டு முற்றத்தில் கிடக்கிறது, இப்போது எந்த வள்ளம் வரப்போகிறது என்று தன்னையே திட்டிக்கொள்கிறாள், சொன்னால் கை கேட்கிறதா, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பழகின கை, மத்தியானம் ரெண்டு மணிவாக்கில் அத்தனை வள்ளமும் இரைந்துகொண்டு கரைக்கு வரும்போது இந்தத் தெருவில் ஒவ்வொரு பொம்பளையும் தன் வீட்டு இன்ஜினைத் தனியாகப் பிரித்துக் கேட்டுவிடுவாள், கேட்ட கையோடு அரிசியைப் போடுவாள், ஆள் வந்து கால் கழுவும்போது சோறு வடித்திருக்கும், புருஷன் கயித்தான் இருந்த கடைசி ஒரு வருஷம் ரெஜினாளுக்குப் பிரித்துக் கேட்கிற வேலைகூட இல்லை, இந்த டொக் டொக் வேறு எந்த வள்ளத்துக்கும் கிடையாது, ஏ புள்ள, நான் வாறது உனக்கு எப்படித் தெரியும் என்று கயித்தான் தினமும் கேட்பான், தெரிந்துகொண்டே கேட்பான் கள்ளன், உம்ம இன்ஜின்தான் ஊரையே கூட்டுதே என்பாள் இவள், பேரிங் தேஞ்சிருக்கு புள்ள, திருவிழா முடியட்டும், மாத்திருதேன் என்றான், திருவிழா வந்தது, அவன்தான் இல்லை.

மூன்று வருஷமாகிறது, வாடைக் காற்றில் வலையை இழுத்து வாங்கும்போது தவறிக் கடலில் விழுந்தான் என்றார்கள், நாலு நாள் தேடினார்கள், உடம்பு கிடைக்கவில்லை, அவன் விழுந்த அன்றைக்கும் ரெண்டு மணிக்கு டொக் டொக் என்று சத்தம் வந்தது, இவள் அரிசி போட்டாள், சோறு பொங்கியது, வாசலில் வந்து நின்றது கொழுந்தன் ராயப்பன் மட்டும், அதற்கப்புறம் ரெஜினாள் கடற்கரைப் பக்கம் போனதே இல்லை, மீன் வாங்கக்கூடப் போகமாட்டாள், வள்ளம் அவள் பேரில் இருக்கிறது, ஓட்டுவது ராயப்பன், எத்தனையோ தரம் கேட்டுவிட்டான், மயினி, பேரிங்க மாத்திருவோம், தவசுகாலம் முடியட்டும்லே என்றாள், முடிந்தது, மாதா கொடியேற்றம் முடியட்டும் என்றாள், அதுவும் முடிந்தது, பொறுத்துப் பார்த்த ராயப்பன் இன்று காலையில் ஒரு வார்த்தை கேட்காமல் இன்ஜினைக் கழற்றி மினி லாரியில் ஏற்றி முற்றத்தில் கொண்டுவந்து இறக்கிவிட்டான், நீங்க கரைக்கு வரமாட்டீங்க, அதான் இது வந்திருக்கு, உங்க காதாலயே கேளுங்க என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னான்.

கஸ்பார் முதல் சிலிண்டருக்குப் போகிற டீசல் பைப்பின் நட்டைத் தளர்த்துகிறான், இன்ஜின் திணறுகிறது, ஆனாலும் டொக் டொக், நட்டை முறுக்கிவிட்டு இரண்டாவதைத் தளர்த்துகிறான், அவ்வளவுதான், சத்தம் நின்றுவிட்டது, இன்ஜின் நொண்டிக்கொண்டு ஓடத்தான் செய்கிறது, டொக் டொக்தான் இல்லை, ரெஜினாளுக்குத் தெருமுனைவரை வந்த ஆள் வீட்டைப் பார்க்காமல் திரும்பிப் போனதுபோல இருந்தது, கையில் கரண்டியோடு வெளியே ஓடி வந்துவிட்டாள், பாத்தீங்களா அக்கா, ரெண்டாவது சிலிண்டர் பேரிங்தான், என்று கஸ்பார் இன்ஜினை நிறுத்திவிட்டு, வடித்த ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றிக் காட்டினான், கறுப்பு ஆயிலில் ஜிகினா மாதிரி மினுமினுவென்று தூள், தேஞ்சு தேஞ்சு எல்லாம் இதுக்குள்ள வந்துட்டுக்கா, கொஞ்ச நாள் போகட்டுமே கஸ்பார் என்றாள், எங்க போக, ராடு உடைஞ்சா இன்ஜினப் பொத்துட்டு வெளிய வரும், அடிப்பலகையும் தப்பாது, நடுக்கடல்ல எவன் வந்து தூக்குவான், சொல்லுங்க.

என்ன சொல்வாள், சத்தம் கேட்கிற நிமிஷத்திலிருந்து ஆள் வாசலுக்கு வருகிறவரை ஒரு கால் மணி நேரம் இருக்கிறதே, அந்தக் கால் மணி நேரம் கயித்தான் வள்ளத்தில் இருக்கிறான் என்று யாரிடம் சொல்வாள், சுக்கானைப் பிடித்து நிற்கிறான், கயிறு வீசுகிறான், ஏலக்கூடத்தில் யாரோடோ வம்பு பேசுகிறான், சந்து திரும்புகிறான், ராயப்பன் வாசலில் தலை காட்டுகிறவரை அவன் சாகவே இல்லை, தினமும் கால் மணி நேரம் புருஷன் உயிரோடு வருகிறான் என்றால் எந்தப் பொம்பளை அதை விடுவாள், இந்தக் கஸ்பார் அதைக் கழற்றி எறியலாமா என்று கேட்கிறான், வேண்டாம்லே, அப்படியே மாட்டிரு, என் வள்ளம், நான் சொல்லுதேன் என்றாள், குரல் அவளுக்கே கேட்கச் சகிக்கவில்லை.

ராயப்பன் முருங்கை மரத்தைப் பார்த்து நின்றுகொண்டுதான் பேசினான், மயினி, அன்னைக்கு நான் இன்ஜின் பக்கத்துல இருந்தேன், அண்ணன் முன்னால அணியத்துல வலை வாங்கிட்டிருந்தாவ, திரும்பிப் பாக்கேன், ஆளக் காணோம், விழும்போது கூப்பிட்டிருப்பாவல்லா, ராயப்பான்னு ஒரு சத்தமாவது போட்டிருப்பாவல்லா, எனக்குக் கேக்கல மயினி, இந்த எழவெடுத்த டொக் டொக்தான் காதுக்குள்ள கேட்டுச்சு, மூணு வருஷமா தினமும் அதே சத்தத்துக்குப் பக்கத்துலதான் உக்காந்து போறேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும், மாத்திருங்க என்றான், முப்பது வயசு ஆம்பளை, கைலியைத் தூக்கி முகத்தைத் துடைத்தான்.

ரெஜினாள் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள், அய்யோ மாதாவே, நான் எதைக் கேட்டு சோறு பொங்கினேனோ அதைக் கேட்டு இவன் செத்துப் பிழைத்திருக்கிறானே, மூன்று வருஷமாக இவன் வாசலில் வந்து நிற்கும்போதெல்லாம், நீதானா என்று ஒரு பார்வை பார்த்தேனே, அந்தச் சோற்றையும் வாய் பேசாமல் தின்றுவிட்டுப் போனானே, அவமானமாக இருந்தது, துக்கத்தைவிட அவமானம், மாத்து கஸ்பார் என்றாள்.

பக்கவாட்டு மூடியைத் திறந்து கஸ்பார் உள்ளே கைவிட்டு நட்டுகளைக் கழற்றுகிறான், பிறை நிலா மாதிரி ரெண்டு துண்டாக வருகிறது பேரிங், மேல்பூச்சு போய் உள்ளே செம்பு தெரிகிறது, நல்லவேளை, கிராங்குத் தண்டு தப்பிச்சிட்டு என்கிறான், உப்புத்தாளில் ஆயில் தொட்டு அதைச் சுற்றிச் சுற்றித் தேய்க்கிறான், புதுத் துண்டுகளை மண் ஒட்டாமல் துணியில் ஏந்தி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பது ரெஜினாள், கயித்தான் இருந்தால் நீ போ புள்ள என்று விரட்டியிருப்பான், அவள் போயிருக்கமாட்டாள், நட்டை இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முறுக்கி, புது ஆயில் ஊற்றி, ஓட்டிப் பார்த்தால் எண்ணெய்போல ஓடுகிறது, ஊரில் எல்லா இன்ஜினும் ஓடுகிறதுபோல ஓடுகிறது, ராயப்பன் முகத்தில் சின்ன வயசுச் சிரிப்பு வருகிறது, ரெஜினாள் அடுப்படிக்குள் போய் நன்றாக அழுகிறாள்.

மறுநாள் ரெண்டு மணி, இன்ஜின் திரும்ப வள்ளத்தில் ஏறிக் கடலுக்குப் போயாகிவிட்டது, வள்ளங்கள் இரைந்துகொண்டு வருகின்றன, காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறாள், எல்லாம் ஒரே இரைச்சல், இதுவா, அதுவா, ஒன்றும் பிடிபடவில்லை, வந்துவிட்டானா, இன்னும் கடலில்தான் கிடக்கிறானா, புது பேரிங் சூடேறி எங்கேயாவது நின்றுபோயிற்றா, வேண்டாம் வேண்டாம் என்கிற காலைத் திட்டிக்கொண்டே சந்து தாண்டிப் போகிறாள், மூன்று வருஷம் மிதிக்காத மணல் சுடுகிறது, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து ஒவ்வொரு வள்ளமாகப் பார்க்கிறாள், பச்சை இல்லை, மஞ்சள் இல்லை, அதோ நீலம், தன் வள்ளம், ஒரு ஆள் நிற்கிறான், ஒரே ஒரு ஆள், கயித்தானைப் போல நெட்டையாக இல்லை, குட்டையாக இருக்கிறான், இன்னொருத்தர் இல்லை, நன்றாகப் பார்த்துக்கொள் ரெஜினாள், இல்லை, கடல் அவ்வளவு பெரிதாக இருக்கிறது, அதில் அவர் இல்லை, ராயப்பன் இடுப்பளவு தண்ணீரில் குதித்து, இவளைப் பார்த்து மிரண்டு, மயினி, என்ன இங்க, வீட்ல யாருக்கும் என்னமும் ஆயிட்டா என்று ஓடி வருகிறான்.

ஒண்ணுமில்லலே, உன்னத்தான் பாக்க வந்தேன், என்றாள்.