வியன்னாவில் துண்டு போட்டவர்கள்

லொரெட்டா சியாட்டிலில் பழைய மேசை நாற்காலி விற்பவள். முப்பது வருஷத்தில் அவள் தலையில் யாராலும் மிளகாய் அரைக்க முடிந்ததில்லை. வியன்னாவில் இறங்கிய அன்று மட்டும் அவள் உடம்பே அவளைக் கவிழ்த்தது. இங்கே காலை எட்டு. அவள் கண்களுக்கு நள்ளிரவு நெருங்கிக்கொண்டிருந்தது.

அறை மூன்று மணிக்குத்தான் என்றாள் விடுதிப் பெண். "ஒரு மணி?" என்றாள் லொரெட்டா. "மூணு." "சரி, ரெண்டரை, கடைசி." அந்தப் பெண் சிரித்த முகம் மாறாமல் ஒரு நிமிஷம்கூட இறங்கவில்லை. பெட்டியைப் போட்டுவிட்டு ஊர் பார்க்கக் கிளம்பினாள்.

மறுநாள் விடிந்ததும் டான்யூபில் படகு. ஆக, இருப்பது இந்த ஒரு மாலை. அன்றிரவு அரங்கில் நடக்கும் ஓபரா என்ற பாட்டு நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில் ஒரு பாட்டு வரும். கடை ரேடியோவில் நூறு தடவை கேட்டிருப்பாள். நூறு தடவையும் பாதியில் கதவு மணி அடித்து வாடிக்கையாளர் வந்து நின்றிருப்பார். ஒரே ஒரு தடவை முழுசாகக் கேட்டுவிட வேண்டும்.

ஸ்டீபன் தேவாலயத்தில் மண்டியிட்டவள் அப்படியே தூங்கிப்போனாள். பக்தி முற்றிவிட்டது என்று பக்கத்தில் இருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். காப்பிக் கடையில் கண் விழித்தபோது, யாரோ அவள் தண்ணீர் டம்ளரைப் புதிதாக மாற்றி வைத்திருந்தார்கள். வெளியே வண்டிக் குதிரை ஒன்று நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. மூன்று மணி ஆனபோதும் விடுதிப் பக்கம் போகவில்லை. கட்டிலைக் கண்டால் கதை முடிந்தது.

ஓபரா அரங்கில் உட்காரும் இடமெல்லாம் விற்றுப்போயிருந்ததால் நின்று பார்க்கிறவர்களின் வரிசையில் சேர்ந்தாள். முன்னால் நின்ற பிக்லர் டிராம் ஓட்டுகிறவர். அந்தப் பாட்டுக்காகவே வந்த கதையை அவரிடம் சொல்லித் தூக்கத்தை ஓட்டினாள்.

டிக்கெட் வாங்கிக் கை கால் கழுவிக்கொண்டு உள்ளே போனால், நிற்கும் இடத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. பிடித்து நிற்பதற்கான கம்பி நெடுக கழுத்துத் துண்டுகள் மட்டும் கட்டிக் கிடந்தன. 'ஐயோ பாவம், இத்தனை பேரா மறந்துவிட்டுப் போவார்கள்?' பதினொன்றையும் அவிழ்த்து, காவலரிடம் ஒப்படைக்க மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினாள்.

எதிரே பிக்லர். மீசையில் கடுகுச் சாந்து.

"அம்மா! என்ன காரியம் பண்றீங்க?"

"எல்லாரும் மறந்துட்டாங்க..."

"மறக்கிறதாவது! துண்டு போட்டு இடம் புடிச்சிட்டுச் சாப்பிடப் போயிருக்காங்க!"

பின்னாலேயே வந்த நோவோட்னி, மருந்துக் கடைக்காரி, கத்தினாள். "நாலு மணியிலேர்ந்து கால் கடுக்க நின்னு புடிச்ச இடம்! இந்தம்மாவை வெளிய அனுப்புங்க!"

காவலர் நெருங்கினார். லொரெட்டாவுக்குத் தூக்கம் பறந்தது. பாட்டு கை நழுவப் பார்த்தது.

"ஒரு நிமிஷம்," என்றாள். எந்தச் சரக்கு எந்த மூலையில் கிடந்தது என்பதை அவள் ஒருநாளும் மறந்ததில்லை. "நீலக் கோடு, தூணுக்கு ரெண்டாவது. சிவப்பு, அதுக்கு அடுத்தது. பூச்சி அரிச்ச இந்தப் பச்சை..."

"பூச்சியா? அது மெரினோ கம்பளி!" என்று சீறினாள் நோவோட்னி.

"மெரினோதான். பூச்சியும் நல்ல கம்பளியாப் பாத்துத்தான் அரிக்கும். கடைசிக் கம்பி, இடப்பக்கம்."

பிக்லர் வாய்விட்டுச் சிரித்தார். பதினொன்றும் அதனதன் இடத்தில் ஏறின. ஒன்றுகூடத் தப்பவில்லை.

"அது சரி, உங்க துண்டு எங்க?" என்றாள் நோவோட்னி.

லொரெட்டா கையை விரித்தாள். அதற்குள் கூட்டம் உள்ளே வந்து கம்பியை அடைத்துவிட்டது. நோவோட்னி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தன் பச்சைத் துண்டின் மறுமுனையை இழுத்து, பிக்லரை இடித்து நகர்த்தி, இரண்டு ஆள் அகலத்துக்குக் கட்டினாள்.

"நில்லுங்க. பூச்சி அரிச்சது உங்களுக்குப் போதும்."

முதல் இரண்டு அங்கங்களை லொரெட்டா பார்க்கவேயில்லை. இரண்டு தோள்களுக்கு நடுவில் நின்றபடியே தூங்கினாள். அவர்கள் இருவரும் மூச்சுக்கூட மெதுவாக விட்டார்கள்.

மூன்றாம் அங்கத்தில் பிக்லரின் முழங்கை இடித்தது. "குதிரையம்மா, எழுந்திருங்க. உங்க பாட்டு."

கேட்டாள். முதல் சொல்லிலிருந்து கடைசி மூச்சுவரை. எந்த மணியும் அடிக்கவில்லை, யாரும் விலை கேட்கவில்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் பச்சைத் துண்டை அவிழ்த்து, நீவி மடித்து, இரண்டு கையாலும் கொடுத்தாள்.

"பூச்சி கீச்சி ஒண்ணும் இல்லைங்க. சும்மா சொன்னேன்."

"எனக்குத் தெரியாதா?" என்றாள் நோவோட்னி.

எந்தப் பேரத்திலும் தான் சொன்ன குறையை லொரெட்டா திரும்ப வாங்கிக்கொண்டதில்லை. அன்றுதான் முதல் தடவை.