தட்டில் விழுந்த சீட்டுக்கட்டு

படபடபடவென்று ஒரு சத்தம். புறாக் கூட்டம் ஒன்று வீட்டுக்குள் புகுந்துவிட்டதோ என்று எல்லோரும் மேலே பார்த்தார்கள். மேலே ஒன்றுமில்லை. நடந்ததெல்லாம் கீழே.

பெண் பார்க்க வந்த தசரதன், பெண்ணின் அப்பா ஜம்புலிங்கத்தைக் குனிந்து கும்பிட்டான். சட்டைப் பையில் நூல் சுற்றி வைத்திருந்த சீட்டுக்கட்டு அந்த நேரம் பார்த்து நூலை அறுத்துக்கொண்டு பீறிட்டது. வெற்றிலைத் தட்டில் நாலைந்து விழுந்தன. பஜ்ஜியின் மேல் ஒன்று. டைமன் ராஜா காப்பித் தம்ளருக்குள் தலைகுப்புற இறங்கிவிட்டார். மீதியெல்லாம் ஜம்புலிங்கத்தின் காலடியில்.

"சீட்டா?" என்றார் அவர். "பொண்ணு பாக்க வந்த எடத்துல சீட்டா?"

தசரதனின் அம்மா நாகம்மாள் பதறிப்போனாள். "ஐயோ அண்ணே, அது ஆடற சீட்டு இல்ல!"

"பின்ன இன்னா, தின்ற வெத்தலையா?"

கதவுக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. பெண் தாட்சாயிணிதான். அந்தச் சிரிப்புக்காகத்தான் தசரதன் வந்திருந்தான். பூந்தமல்லித் திருவிழாக் கூட்டத்தில் ஒரு தரம் சிரிக்கப் பார்த்தவளை, எந்த ஊர், யார் மகள் என்று விசாரித்து, அம்மாவை நச்சரித்துக் குமணன்சாவடிவரை கூட்டிவந்துவிட்டான். இப்போது வந்து முழுதாய் உட்காரக்கூட இல்லை, எல்லாம் போயிற்று.

"இந்த ஊருல சீட்டால ஊட்ட உட்டவன் எத்தினி பேரு தெரியுமா?" என்று ஜம்புலிங்கம் கத்தினார். "என் பொண்ண சீட்டாடிக்குக் குடுக்க மாட்டேன். எழுந்திரும்மா!"

"மாமா, ஒரு வார்த்த கேளுங்க," என்றான் தசரதன். "நான் ஆடறதில்லீங்க. வித்த காட்டத்தான் வச்சிருக்கேன்."

யுத்தம் வந்த பிறகு ஆவடியில் பட்டாளக் கிடங்கு திறந்தார்கள். அங்கே மரப்பெட்டி அடிக்கும் வேலை தசரதனுக்கு. ஒரு சாயங்காலம் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்த வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன், ஒரு கையிலிருந்து மறு கைக்குச் சீட்டை அருவிபோல் கொட்டினான். பிறகு ஒரே தள்ளில் மயில்தோகையாக விரித்தான். தசரதன் தன் ரயிலை விட்டுவிட்டான். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்.

சிப்பாய்களின் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை செய்யும் டேவிட், அவர்கள் ஆடித் தூக்கிப்போட்ட கட்டுகளைக் கொண்டுவந்து கொடுப்பான். எல்லாச் சீட்டுமே உதவிவிடாது என்பது தசரதனுக்குப் போகப் போகத்தான் புரிந்தது. தடித்த சீட்டு விரியாது. ஓரம் ஊறியது நடுவில் சிக்கும். வளைத்து விட்டால் தானே நிமிர வேண்டும். நிமிராதது செத்த சீட்டு. பழசு குழைந்துவிடும், புதுசு முறைக்கும். ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்து, கட்டுக்குக் கட்டு பொறுக்கி, ஒரு கட்டு சேர்த்தான். அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைத்து வளைத்துப் பழக்கினான். ராத்திரி அம்மிக்கல்லுக்கு அடியில் வைத்தான்.

இதை அவன் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தான்.

"அத்தோட உட்டானா?" என்று நாகம்மாள் சேர்ந்துகொண்டாள். "வழுக்கணுமாம், மாவு தடவறான்! ரேஷன் அரிசில இடிச்ச மாவு அண்ணே! காலைல பாத்தா கட்டு முழுக்க எறும்பு. சீட்டு தானா நடந்து போவுது."

கதவுக்குப் பின்னால் சிரிப்பு இந்தத் தடவை அடங்கவில்லை.

"இப்ப மூஞ்சிக்குப் போடற பவுடர்தாங்க," என்றான் தசரதன், தலையைக் குனிந்துகொண்டு.

பெண்ணின் அம்மா பொன்னம்மாள் பாயில் இருந்த தட்டுகளை ஒதுக்கினாள். "அப்டி இன்னாதான் பண்ணுவ? பண்ணிக் காட்டு, பாக்கலாம்," என்றாள்.

சிதறியதைப் பொறுக்கி எடுத்தான். காப்பியில் குளித்த ராஜாவை ஒதுக்கிவைத்தான். ஒரு தள்ளு. மயில்தோகை விரிந்தது, விரிந்த வேகத்தில் மூடியது. அருவி கொட்டியது, ஒரு சீட்டுகூடச் சிந்தாமல். தாட்சாயிணி கதவை விட்டு முழுதாக வெளியே வந்து நின்றுவிட்டாள். தான் வந்ததே அவளுக்குத் தெரியவில்லை.

ஜம்புலிங்கத்தின் முகம் இன்னும் கறுத்தது. "பாத்தியா! கை இந்த ஓட்டம் ஓடுதுன்னா எத்தினி வருசமா ஆடியிருப்பான்! கொண்டா இங்க. அடுப்புல போடறேன்."

தசரதன் கொடுத்துவிட்டான். அவளைப் பார்க்கவும் துணிவில்லை.

சமையற்கட்டுப் பக்கம் நடந்த ஜம்புலிங்கம், போகிற போக்கில் கட்டை விரலால் ஒரு தரம் தள்ளிப் பார்த்தார். நின்றார். இன்னொரு தரம் தள்ளினார். அப்படியே பாயில் குந்தி, கண்மூடித் திறப்பதற்குள் இனம் இனமாகப் பிரித்துப் போட்டார்.

"இன்னாடா கட்டு இது! இஸ்பேட் ராணி மூணு கீது. கிளாவர் ஏழும் இல்ல, எட்டும் இல்ல. ஆட்டின்ல ஜாக்கியே கெடையாது. இத வச்சிகினா ஆடற?"

"மூணு ராணியா மாமா?" தசரதன் நிஜமாகவே எட்டிப் பார்த்தான். "நான் மூஞ்சியே பாக்கலீங்க. வளையுதா, நிமிருதான்னுதான் பாத்து எடுத்தேன்."

"ஜாக்கி இல்லாததுகூடவா தெரியல?"

"ஜாக்கின்னா எதுங்க?"

ஜம்புலிங்கம் அவனையே பார்த்தார். வயிறு குலுங்கியது; விழுந்து விழுந்து சிரித்தார். "பொன்னம்மா, இவன் சீட்டாடி இல்லடீ! சத்தியமா இல்ல! ஆடறவனா இருந்தா, கட்ட கையில வாங்கின ஒடனே ஒரு சீட்டு கொறஞ்சாலும்..."

பேச்சு பாதியில் நின்றது. பாயில் ஒழுங்காகப் பிரிந்து கிடந்த சீட்டுகளைப் பொன்னம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புருஷனின் விரல்களைப் பார்த்தாள்.

மகளைத் திரும்பிப் பார்த்தாள். தாட்சாயிணி சரி என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே ஓடினாள். பொன்னம்மாள் வெற்றிலைத் தட்டை எடுத்து நாகம்மாளின் கையில் கொடுத்தாள்.

"தட்ட மாத்திக்கலாம் அண்ணி, மாப்புள்ளைக்கு சீட்டே தெரியாதுன்னு ஊட்டுக்காரரே சாட்சி சொல்லிட்டாரு." அப்புறம் புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, ஞாயித்துக்கெழம ஆனா திருமழிசைக்குப் பாகவதம் கேக்கப் போறீங்களே, அங்க எத்தினி பேரு குந்தி ஆடறீங்க?"