பெடலில் என் கால்

கை ஆறி நான் வேலைக்குத் திரும்பிய அன்று முதலாளி என்னைப் பெடலில் உட்கார வைத்தார். மெஷினுக்குள் கை நீட்டும் வேலை என் நாத்தனாருக்கு. "ரெண்டு விரல் இல்லாதவளுக்கு இதவிட சுலபமான வேலை எதும்மா இருக்கு?" என்றார். பெரிய கருணை வள்ளல்.

எங்களுடையது டப்பா மூடி அடிக்கும் பிரஸ் மெஷின். ஒருத்தி தகரத்தை அச்சின் மேல் வைத்து, கையை எடுத்துவிட்டு, "விடு" என்பாள். மற்றவள் பெடலை மிதிப்பாள். மேலே நிற்கும் இரும்பு தடாலென்று இறங்கும். நானும் நாத்தனாரும் வருஷக்கணக்கில் மாறி மாறிச் செய்த வேலை. அந்தச் சொல் காதில் விழுந்தால் போதும், கால் நம்மைக் கேட்டுக்கொண்டு நிற்காது.

விரல் போன அன்றைக்கு அவள் பெடலில் இருந்தாள். வாயும் ஓயவில்லை. "குக்கர் அடிப்பிடிச்சதுக்கு நான்தான் காரணம்னு அண்ணன்கிட்ட எதுக்கு அண்ணி போட்டுக் குடுத்தீங்க?" தகரம் கோணலாக உட்கார்ந்திருந்தது. அதை இடது கையால் நகர்த்திக்கொண்டே, எரிச்சலில், "சரி, விடு" என்றேன்.

சுண்டு விரலும் மோதிர விரலும் போய்விட்டன. எனக்கு வலி பிறகுதான் வந்தது. முதலில் அலறியது அவள்தான்.

ஆஸ்பத்திரிக்கு வந்த முதலாளி தலையைத் தலையை ஆட்டினார். "நீயேதானேம்மா விடுன்னு சொல்லியிருக்க?" என்று கேட்டார். அத்தோடு கை கழுவிவிட்டார். மெஷினுக்கு முன்னால் மாட்ட வேண்டிய கம்பித் தடுப்பு மூலையில் தூசி படிந்து கிடக்கிறது. மாட்டினால் வேலை ஆமையாய் நகருமாம்.

இப்போது நாத்தனார் தகரத்தை எடுத்து உள்ளே வைத்தாள். கையை வெளியே எடுத்தும் அவளுக்கு "விடு" என்ற சொல் வரவில்லை. தகரம் நகர்ந்திருக்குமோ என்று மறுபடி கையை உள்ளே விட்டாள். நான் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மேல் கோபமே இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் அவளுடைய பத்து விரலும் எனக்கு வேண்டும். இந்தக் காலை நம்ப எனக்குப் பயமாக இருந்தது.

"தடுப்ப மாட்டிக் குடுங்க முதலாளி. இல்லாட்டி என்னால முடியாது."

"அட, என்னம்மா சின்னப் புள்ள மாதிரி!"

நாத்தனாரை நகரச் சொல்லிவிட்டு அவரே தகரத்தை எடுத்தார். மணிக்கட்டு வரை கையை உள்ளே விட்டு வைத்துக் காட்டினார். அப்படியே என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"பாத்தியா, ஒண்ணும் ஆகல. மொதல்ல மனசுல இருக்கிற பயத்த விடு."

கால் இறங்கிவிட்டது.

முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுத்தேன். பெடல் பாதியில் நின்றது. மேலே இரும்பு டக்கென்று ஒரு சத்தம் போட்டு அப்படியே நின்றது.

முதலாளி கையை வெடுக்கென்று உருவிக்கொண்டார். விரல்களை மடக்கி மடக்கி விரித்துப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. நாத்தனார் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். பட்டால்தான் புரியும் போலிருக்கிறது, இப்போதாவது உறைத்ததே என்று எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவர் அந்தக் கையைப் பேன்ட் பைக்குள் பத்திரமாக நுழைத்துக்கொண்டார். பெருமூச்சு விட்டார்.

"சரி சரி," என்றார் நாத்தனாரிடம், "நீ வந்து வை. பாத்து வை."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தகரத்தை எடுத்துக்கொண்டு மெஷினருகே வந்தாள்.

"அண்ணி..."

நான் இரண்டு காலையும் தூக்கி, ஸ்டூல் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.