நடுவில் ஓட்டை

எனக்குக் கோபம் மூக்கின் மேல். என் தங்கையோ தலையில் இடி விழுந்தாலும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டுதான் நிமிர்ந்து பார்ப்பாள். இருவருக்கும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை. லேசர்களை நேராக வைப்பது என் பொறுப்பு. அந்த வெளிச்சத்தில் அணுக்களை அடைப்பது அவளுடைய ஆராய்ச்சி.

எதிரெதிரே விட்ட லேசர்கள் சேர்ந்து, வெறும் வெளிச்சத்தாலேயே முட்டை அட்டை மாதிரி குழிகளை உண்டாக்கும். ஆட்டம் பாட்டமெல்லாம் அடங்கிப்போகும் அளவுக்குக் குளிர்ந்த அணுக்கள் அதில் குழிக்கு ஒன்றாக உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்ததைப் படமெடுத்துக் காட்டாவிட்டால், அன்று மாலையே எல்லாவற்றையும் கழற்றி அறையை வேறு குழுவுக்குக் கொடுத்துவிடுவதாக ஆய்வுக்கூடத் தலைவர் சொல்லிவிட்டார்.

மதியம் படம் வந்தது. வட்டமாக அணுக்கள், புள்ளி புள்ளியாக. நடுவில் மட்டும் கன்னங்கரேலென்று ஓட்டை. லேசர் கோணியிருந்தால் அணுக்கள் இப்படித்தான் சிதறி ஓடும்.

தலைவர் எட்டிப் பார்த்தார். "போதும்மா. கழட்டிடலாம்."

"என் தலையையும் சேத்துக் கழட்டுங்க!" என்று அவரிடமே கத்திவிட்டேன். தங்கையிடம் திரும்பினேன். "என்னாலதான்டி. உன் இத்தனை வருஷத்தையும் நானே பாழாக்கிட்டேன்."

"நீ சும்மா இரு, அக்கா. சார், ஒரே ஒரு தடவை. அணுவைக் குறைச்சுப் போடறேன்."

"நடுவுல ஒண்ணுமே இல்லங்கறேன், இதுல குறைக்கப் போறாளாம்! பைத்தியமா உனக்கு?"

"இல்லாம இல்லக்கா. அங்க ஒவ்வொரு குழியிலயும் ரெண்டு ரெண்டா இருக்குன்னு நினைக்கறேன். படமெடுக்க வெளிச்சம் போட்டா, ஜோடியா இருக்கறதுங்க மோதிக்கிட்டு ரெண்டுமே ஓடிடும். தனியா இருக்கறதுதான் படத்துல விழும். குறைச்சா நடுவுலயும் ஒண்ணொண்ணாதான் உக்காரும், ஓட்டை நெறஞ்சிடும். உன் லேசர் தப்புன்னா ஓட்டை அப்படியே இருக்கும்."

தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஒரு சுற்று முடிய அரை நிமிடம்கூட ஆகாது. எனக்கோ யுகமாக இருந்தது. திரையில் வட்டம் சின்னதாக வந்தது. ஓட்டையைக் காணோம்! அடேயப்பா, நடுவில் இடம் விடாமல் நெருக்கியடித்துக்கொண்டு எத்தனை புள்ளிகள்!

"மறுபடி கூட்டு," என்றார் தலைவர். கூட்டினாள். ஓட்டை திரும்பி வந்தது. ஒரு ஓட்டையைப் பார்த்து இப்படித் துள்ளிக் குதித்தவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

"இந்த லேசர் மேசை மேல யாரும் கை வைக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டுத் தலைவர் எழுந்தார்.

என்ன மூளை இவளுக்கு! வெறும் கறுப்பைப் பார்த்து, அங்கேதான் கூட்டம் அதிகம் என்று சொல்லிவிட்டாளே. அவளோ மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உன் லேசர் மேல ஒரு குத்தமும் இல்லக்கா," என்றாள். "அதைத்தான் முதல்ல காட்டணும்னு இருந்துச்சு."

தலைவர் முன்னாலேயே ஓவென்று அழுதேன்.