நாற்பத்தொன்றாம் பக்கம்

வேங்கடேசனுக்கு மூன்று நாளாக நாக்கில் ருசி என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. சோதித்துப் பார்க்க வத்ஸலா ஒருநாள் வேண்டுமென்றே சாத்தமுதில் உப்புப் போடாமல் வைத்தாள். மனுஷர் இரண்டு தரம் வாங்கிக் குடித்துவிட்டு, கையலம்பிக்கொண்டு, போனை எடுத்துக்கொண்டு ஊஞ்சலுக்குப் போய்விட்டார். யாராவது செத்துப்போயிருந்தால்கூட இந்த வீட்டில் இவ்வளவு துக்கம் அனுஷ்டித்திருக்க மாட்டார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

முடிந்துபோனது 'நெடுவழிக் கலம்'. எங்கேயோ வெளிநாட்டில் எடுத்து, இங்கே தமிழில் குரல் கொடுத்து, பதினாறு வருஷம் ஓடிய விண்வெளித் தொடர். ஒரு பெரிய கலம். அதற்குள் நானூறு பேர். முந்நூறு வருஷப் பயணம். போகிற கிரகத்திலிருந்து ரேடியோவில் ஒரு குரல் மட்டும் வந்துகொண்டே இருக்கும்: "வாருங்கள், விளக்கேற்றி வைத்திருக்கிறோம்." அது யார் குரல்? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு பதினாறு வருஷம் ஓட்டிவிட்டார்கள்.

பதில் போன வெள்ளிக்கிழமை வந்தது. கலம் போய் இறங்குகிறது. எதிரே ஒரு மஞ்சள் கதவு, அதுவரை எந்தப் பகுதியிலும் காட்டாத கதவு. திறந்தால் உள்ளே ஈ காக்கை இல்லை. ஒரு பழைய இயந்திரம் மட்டும். கிளம்பும்போது இவர்களுடைய முப்பாட்டன்மார் அனுப்பிய வார்த்தையையே அது இத்தனை வருஷமும் திருப்பித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. கேப்டன் இலாரா அந்த இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு விளக்கை ஏற்றுகிறாள். அவ்வளவுதான், சுபம்.

மைசூர் 'நெடுவழிக் கலம்' ரசிகர் வட்டத்தில் மொத்தம் பத்தொன்பது பேர். தலைவர், செயலாளர், வாட்ஸாப் அட்மின் எல்லாம் வேங்கடேசனே. டெலிபோன் இலாகாவில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் வீட்டுக் கூடத்தில்தான் கூட்டம், வத்ஸலாவின் கையால் காபி. முடிவு வந்த மறுநாள் மெடிக்கல் ரெப் சந்தோஷ்குமார் குழுவில் "பதினாறு வருஷம் காத்திருந்தது ஒரு மஞ்சக் கதவுக்கா?" என்று எழுதினான். அதுவே வட்டத்தின் கோஷமாகிவிட்டது. ஒருவர் கலத்தின் பொம்மையைப் பரணில் போட்டுவிட்டதாகப் படத்தோடு அறிவித்தார். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் பல்லவி இரண்டு நாள் லீவு போட்டு அழுதாள். மேனேஜரிடம் நெருங்கிய உறவில் மரணம் என்று சொல்லியிருந்தாளாம். பொய் என்று யாரும் நினைக்கவில்லை.

வேங்கடேசன் அழுகிற ரகமில்லை, மனு எழுதுகிற ரகம். இலாகாவில் வந்த பழக்கம். முடிவை மாற்றி எடுக்க வேண்டும் என்று ஒன்றரைப் பக்கத்துக்கு ஒரு மனு எழுதினார். அதன் உயிர்நாடி மூன்றாம் பத்தி: 'எங்கள் வட்டத்தின் கணிப்பு நோட்டில் பன்னிரண்டு ஆண்டுகளில் நூற்றுப் பதினான்கு கணிப்புகள் பதிவாகியுள்ளன. அவற்றில் ஒன்றுகூட இந்த முடிவைச் சொல்லவில்லை. ஆகவே இது கதையிலிருந்து விளைந்த முடிவு அல்ல, வெளியிலிருந்து திணிக்கப்பட்டது.' பல்லவி அதை இங்கிலீஷில் மாற்றி இணையத்தில் போட்டாள். மூன்றே நாளில் நாற்பதாயிரம் பேர் கையெழுத்துப் போட்டார்கள். மைசூரில் ஒரு கணிப்பு நோட்டு இருக்கிறது என்று பிரேசில்காரன் ஒருவன் மெச்சி எழுதியிருந்தான். வேங்கடேசன் அதை எல்லோருக்கும் அனுப்பினார், வத்ஸலாவுக்கு இரண்டு தரம்.

நான்காம் நாள் பல்லவியிடமிருந்து செய்தி வந்தது. "சார், நோட்டை முழுக்க ஸ்கேன் பண்ணிப் போடச் சொல்றாங்க. ப்ரூஃப் வேணுமாம். நாளைக்கு வந்து வாங்கிக்கறேன்."

அப்போதுதான் அவர் நோட்டைத் திறந்தார். மனு எழுதும் முன் திறந்திருக்க வேண்டும். கோபத்தில் யார் நோட்டைப் பார்க்கிறார்கள். பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டே வந்தவர் நாற்பத்தொன்றில் நின்றுவிட்டார்.

கன்னட எழுத்தில் தமிழ். வட்டத்தில் அப்படி எழுதியவர் ஒரே ஒருவர்தான், மார்க்கெட்டில் வாழைப்பழக் கடை வைத்திருந்தவர். 'அது நம்ம குரல்தான் திரும்பி வருது. அந்தப் பக்கம் ஆள் இல்லை. விடியக்காலை மார்க்கெட்டில் யாரும் இல்லாதப்ப நான் கூவினா கூரையில் பட்டு வேற ஆள் கூவற மாதிரி கேட்கும். அது மாதிரி.' கீழே கையெழுத்து: செந்தில்நாதன். தேதி ஒன்பது வருஷத்துக்கு முந்தியது. அதற்குக் கீழே வேங்கடேசனின் சொந்தக் கையெழுத்தில், பேனா தாளைக் கிழிக்கிற அழுத்தத்தோடு: 'வாழைப்பழ மார்க்கெட் அனுபவத்தை விண்வெளிக்குப் பொருத்த இயலாது. விண்வெளியில் காற்று இல்லை, எனவே எதிரொலி இல்லை. நிராகரிக்கப்பட்டது.'

டெலிபோன் இலாகாவில் இருபத்தாறு வருஷம் அந்த மனுஷர் செய்த வேலை, 'சார், நான் பேசறது எனக்கே திரும்பிக் கேக்குது' என்று வந்த புகார்களைத் தீர்ப்பது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு நன்றாக நினைவிருந்தது. தம் குறிப்பைத் தாமே கூட்டத்தில் உரக்க வாசித்தார். எல்லோரும் சிரித்தார்கள். செந்தில்நாதனும் கொஞ்சம் சிரித்தார். காபியைக் குடித்து முடித்து, டம்ளரைத் தாமே அலம்பிக் கவிழ்த்துவிட்டு, "சரிங்க சார்" என்று சொல்லிப் போனவர் மறுபடி வரவில்லை. மூன்று வாரம் பார்த்துவிட்டு, 'தொடர்ந்து பங்கேற்காமை' என்று காரணம் எழுதி வேங்கடேசன் அவரைக் குழுவிலிருந்து நீக்கினார். அதற்கு முன் ஏழு வருஷம், முதல் பகுதியிலிருந்து, இரண்டு பேருமாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள். இன்னொரு நல்ல சிநேகிதன் அவருக்கு அப்புறம் வாய்க்கவில்லை. அதை அவர் எந்த நோட்டிலும் பதியவில்லை.

ஒரு பக்கம்தானே, கிழித்துவிடலாம். கை தாளின் நுனிவரை போனது. கிழிக்க முடியாததற்குக் காரணம் நேர்மை என்று சொன்னால் அது அவரை ரொம்பப் புகழ்வதாகும். கார்பன்தான் காரணம். கணிப்பு எழுதியவருக்கு வட்டத்தின் ரப்பர் ஸ்டாம்ப் குத்தி ஒரு கார்பன் நகல் கொடுக்க வேண்டும் என்று விதி போட்டவரும் அவர்தான். செந்தில்நாதனிடம் ஒரு நகல் போயிருக்கிறது, நிராகரித்த குறிப்போடு. அந்தத் தாள் இன்னும் இருக்கிறதா? அது வெளியே வந்தால் நாற்பதாயிரம் பேர் முன்னால், பிரேசில்காரன் முன்னால், மானம் கப்பலேறிவிடும்.

மறுநாள் மத்தியானம் செருப்பை மாட்டினார்.

"எங்கே கிளம்பிட்டேள்?"

"தேவராஜ மொஹல்லா பக்கம். சும்மா."

"மார்க்கெட்டுக்குத்தானே? ரசபாளே வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கிண்டு வாங்கோ. செந்தில்நாதனுக்கே தெரியும், நம்மாத்துக்கு எந்தப் பதம்னு."

வேங்கடேசன் திரும்பிப் பார்த்தார். "நீ அவன்கிட்டயா வாங்கறே?"

"ஒம்பது வருஷமா. சார் எப்படி இருக்காருன்னு ஒவ்வொரு தரமும் கேப்பார். நல்லாயிருக்கார்னு சொல்வேன்." சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். தினம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தின்ற பழமெல்லாம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தபடி அவர் ஆட்டோ ஏறினார்.

வாழைக்காய் வரிசையில் மூன்றாவது கடை. கூட்டம் இல்லாத நேரம். செந்தில்நாதன் தார்களுக்கு நடுவே சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. வேங்கடேசனைப் பார்த்ததும் எழுந்து, முந்தாநாள்தான் சந்தித்தது போல ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"வாங்க சார். உக்காருங்க. காபி சொல்லட்டுங்களா?"

"வேண்டாம். சும்மா இந்தப் பக்கம் வந்தேன்."

"நல்லதுங்க."

வேங்கடேசன் கடையை நோட்டம் விட்டார். சாமி படம், காலண்டர், கத்தி, தராசு. தாள் எதுவும் கண்ணில் படவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், ஊர் நிலவரம் விசாரித்தார். அவருடைய சொந்த ஊரான ராமாபுரத்தில் மழை உண்டா என்றார். உண்டு என்றார் செந்தில்நாதன். மகள் காவேரி நஞ்சன்கூடு பேக்டரியில் வேலைக்குப் போகிறாள் என்றார். அதற்குமேல் கேட்க ஒன்றும் இல்லை.

"நீ இப்பவும் அந்தத் தொடரைப் பாக்கறயா?"

செந்தில்நாதன் ஒரு தாரைத் தூக்கி நிழலில் சாய்த்து வைத்தார். "அப்பவே உட்டுட்டனுங்க. தனியா உக்காந்து பாக்கறதுக்கு அதுல என்ன இருக்குது?"

வேங்கடேசனின் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. பார்க்கவில்லை என்றால் முடிவு தெரியாது. முடிவு தெரியாதவன் நகலைத் தேட மாட்டான். எழுந்து, பழத்தை வாங்கிக்கொண்டு போய்விடலாம்.

"முடிஞ்சுபோச்சுன்னு சொன்னாங்க," என்றார் செந்தில்நாதன். "எப்படிங்க சார் முடிச்சாங்க? அந்தக் குரல் யாரோடது?"

கேட்ட விதத்தில் கள்ளம் ஒன்றும் இல்லை. பழைய ஞாயிற்றுக்கிழமைகளில் விளம்பர இடைவேளையில் கேட்பது போலவே கேட்டார். வேங்கடேசன் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். 'நீ சொன்ன மாதிரியேதான்' என்று மூன்றே வார்த்தை. வந்தது வேறு.

"அவ தம்பியோடது," என்றார்.

"இலாராவோட தம்பிங்களா? முதல் வருசத்துலயே சின்னக் கலத்துல கோவிச்சுக்கிட்டுப் போனானே?"

"அவனேதான். செத்துட்டான்னு எல்லாரும் நெனச்சா. அவன் முன்னாடியே போய்ச் சேந்து, அங்கே தனியா இருந்திருக்கான். கிழவனாயிட்டான். தினம் சாயங்காலம் விளக்கேத்தி வெச்சுட்டு, ரேடியோவுல கூப்பிடறது." இது வேங்கடேசனின் சொந்தக் கணிப்பு, நோட்டில் இரண்டாம் பக்கம். பன்னிரண்டு வருஷம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்த காட்சி என்பதால் தடங்கல் இல்லாமல் வந்தது. சொல்லச் சொல்ல அவருக்கே உற்சாகம் ஏறியது. கிழவன் கண் சரியாகத் தெரியாமல் அக்காவைத் தொட்டுப் பார்க்கிற கட்டத்தில் அவருடைய குரல் கம்மியது. பக்கத்துக் கடை மல்லம்மா வெற்றிலை கிள்ளுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா என்னங்க சொன்னா?"

"'இவ்வளவு நாளா கூப்பிட்டுண்டே இருந்தியா'ன்னு கேட்டா."

செந்தில்நாதன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இது எப்பங்க? அந்த மஞ்சக் கதவு தொறக்கறதுக்கு முன்னாலயா, தொறந்த பொறகா?"

"தொறந்த பிறகு," என்றார் வேங்கடேசன்.

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. கதவைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கடைசிப் பகுதியைப் பார்க்காதவனுக்கு மஞ்சள் கதவு தெரியாது. காது மடல் இரண்டும் சூடேறின. ஸ்டூலில் இருந்து எழவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

"பாத்துட்டியா நீ?"

"வெள்ளிக்கிழமையே பாத்தனுங்க. ஒரு பகுதி உடலீங்க, பதினாறு வருசமும்." செந்தில்நாதன் சாமி படத்துக்குப் பின்னால் கையை விட்டு, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். ஓரமெல்லாம் வாழைக்கறை. மடிப்பைப் பிரித்தபோது நீல எழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் அப்படியே இருந்தன. "இதுக்குத்தானுங்க வந்தீங்க? எடுத்துக்கங்க."

வேங்கடேசன் வாங்கவில்லை.

"நான் தப்புப் பண்ணிட்டேன், செந்தில். நீ எழுதினது சரி. அன்னிக்கே சரி."

"சரியா இருந்து என்னங்க சார்." அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. "எழுதிக் குடுத்துட்டுப் போனேன்லீங்க, அன்னையில இருந்து ஒவ்வொரு வாரமும் இது தப்பாப் போகோணும்னுதான் பாத்தேன். அந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்கோணும்னு. வெள்ளிக்கிழமை அந்தக் கதவத் தொறந்தப்ப எனக்கு வயிறு எரிஞ்சுதுங்க." தாளை வேங்கடேசனின் சட்டைப் பையில் தாமே வைத்தார். "அவங்க காட்டினதை விட நீங்க சொன்னது நல்லா இருக்குதுங்க. அந்தத் தம்பி தொட்டுப் பாக்கற எடம்."

வேங்கடேசனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அதை மறைக்கக் குனிந்து போனை எடுத்தார். பையிலிருந்த தாளை மடிமேல் விரித்துப் படம் பிடித்தார். குழுவில் போட்டார். கீழே எழுதினார்: 'மனுவின் மூன்றாம் பத்தி தவறு. ஒருவர் சரியாகக் கணித்திருந்தார்.' பிறகு செந்தில்நாதனின் எண்ணைத் தேடிக் குழுவில் சேர்த்தார். ஒன்பது வருஷமாக அந்த எண் போனில் அப்படியே இருந்தது.

அடுத்த நிமிஷம் குழு கொதித்தது. சந்தோஷ்குமார் முதலில் வந்தான்: "யார் இவர்? இவர் சொன்னதைக் கேட்டுத்தான் கதையைக் கெடுத்தாங்களா?" இன்னொருவர் செந்தில்நாதன் தமக்குத் தெரிந்ததை ஒன்பது வருஷம் மறைத்தது துரோகம் என்றார். பல்லவி மட்டும் தாளைப் பெரிதாக்கிப் பார்த்திருக்க வேண்டும். "வேங்கடேசன் சார், கீழே நிராகரிச்சு எழுதியிருக்கறது யாரு?"

'நான்' என்று எழுதி அனுப்பினார் வேங்கடேசன். மனுவுக்கு இனி கதியில்லை என்று தெரிந்தது. பிரேசில்காரன் என்ன நினைப்பானோ என்று ஒரு கணம் தோன்றியது.

செந்தில்நாதன் தம் போனை எட்டப் பிடித்து எல்லாவற்றையும் வாசித்தார். சிரித்தார். பிறகு நல்ல பதமாக ஒரு சீப்பு ரசபாளே தேர்ந்து காகிதத்தில் சுற்றினார்.

"ஞாயித்துக்கெழமை இப்பவும் நாலு மணிக்குத்தானுங்களா?"

"தொடர்தான் முடிஞ்சுபோச்சே. இனிமே என்ன பாக்கறது?"

"திட்டறதுக்குக் கூடுவாங்கள்லீங்க. அது இன்னும் பதினாறு வருசம் ஓடும்." சீப்பை நீட்டினார். "வாரேன் சார். அம்மாகிட்டச் சொல்லுங்க, காபியில எனக்குச் சக்கரை பாதி."